எழுத ஒருத்தி, படிக்க எல்லோரும்

பூட்டின் மேல் பூட்டாகப் போட்டு, கடைசியில் சாவியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எனக்கு போன் போடுகிறவர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நிறையப் பேர் உண்டு. அதில் முதல் ஆள் மேனேஜர் அருணாச்சலம்.

"ஏம்மா பர்ஹானா, நீ போட்டுக் குடுத்த ஃபோல்டர் தொறக்கவே மாட்டேங்குது. லாரி லோடு ஏத்திக்கினு கேட்டாண்ட நிக்குது. சீக்கிரம் வாம்மா."

"நேத்து தொறந்துச்சா இல்லியா சார்?"

"தொறந்துச்சு."

"அப்ப இன்னிக்கி யாரு கை வெச்சது?"

போனை வைத்துவிட்டார். பதில் கிடைத்த மாதிரிதான்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் நானும் என் வீட்டுக்காரர் நியாஸும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். அவர் கடையில் உட்கார்ந்து பிரிண்டர் பிரிப்பார். கம்பெனிகளுக்குப் போவது நான். பழவேற்காட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் இதைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

அருணாச்சலம் வேலை பார்ப்பது ஒரு ஃபவுண்டரி. இரும்பை உருக்கி வால்வு வார்ப்பார்கள். வார்த்த ஒவ்வொரு பேட்சையும் லேபில் ஷைனி என்கிற பெண் சோதித்து, இரும்பின் கடினத்தன்மை சரியா என்று பார்த்து, முடிவைத் தன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவைப்பாள். மற்ற அறைகளில் இருக்கிறவர்கள் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம். ஓகே என்று இருந்தால்தான் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்சில் லாரியை விடுவார்கள். அந்த ஃபோல்டரை அமைத்துக் கொடுத்தது நான்தான். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. எழுத ஷைனி மட்டும், படிக்க எல்லோரும். "சாப்பிட எல்லாரும் வாங்க, உப்பு போடுறது மட்டும் ஒருத்தர்தான்" என்று அன்றைக்கே எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தேன். தலையைத் தலையை ஆட்டினார்கள்.

நான் போனபோது லேபில் ஷைனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் எதிரில் அருணாச்சலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா சார் பண்ணீங்க?"

"சீல் வெச்சேன்மா. விசாரணை நடக்கப் போவுது. யாரும் எதையும் மாத்திடக் கூடாதில்ல? அதான் உள்ள போய், எல்லாருக்கும் நோ குடுத்துட்டேன்."

"எல்லாருக்கும்னா?"

"எவ்ரிஒன்னு ஒரு பேரு இருந்துச்சு. அதுக்கு டினை டிக் அடிச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சார், எவ்ரிஒன்ல நீங்களும் இருக்கீங்க. ஷைனியும் இருக்குது. மொதலாளியும் இருக்காரு. டினை போட்டா, தனியா எத்தினி அனுமதி குடுத்திருந்தாலும் செல்லாது. அது ஒரு எச்சரிக்கை கூட குடுத்திருக்குமே?"

"இன்னாவோ இங்கிலீஷ்ல கேட்டுச்சு. எஸ் குடுத்தேன்."

எஸ் குடுத்தாராம்! இந்த ஊரில் கம்ப்யூட்டர் என்ன கேட்டாலும் எஸ்தான். வீட்டை எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டாலும் எஸ்.

"எதுக்கு சார் விசாரணை?" என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். போன வாரம் விஜயவாடாவுக்குப் போன பேட்ச் திரும்பி வந்துவிட்டது. இரும்பு அளவுக்கு மீறிக் கடினம். அங்கே மெஷினில் ஏற்றிக் கடைந்தால் வெட்டுகிற டூல் ஒவ்வொன்றாக உடைகிறதாம். ஃபோல்டரில் பார்த்தால் அந்தப் பேட்சுக்கு ஓகே என்று இருக்கிறது, ஷைனியின் பெயரில்.

"நான் அந்தப் பேட்ச தொடவே இல்லக்கா," என்றாள் ஷைனி. "அன்னிக்கி பாப்பாவுக்கு ஜொரம். மத்தியானமே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிட்டேன்."

"போற அவசரத்துல டெஸ்ட் பண்ணாமயே ஓகே அடிச்சுட்டுப் போயிருக்க," என்றார் அருணாச்சலம். "உன் பாஸ்வேர்டு இல்லாம யாரும் எழுத முடியாதுன்னு பர்ஹானாவே சொல்லியிருக்கு."

ஃபைல் எழுதிய நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த லேப் கம்ப்யூட்டரில் கடிகாரத்தை ஓட்டுகிற பேட்டரி செத்து மாசக்கணக்காகிறது. அது காட்டுகிற தேதியை நம்பினால் நாம் எல்லோரும் இன்னும் பிறந்திருக்கவே மாட்டோம். பேட்டரியை மாற்றுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியது இந்தச் சுவர்களுக்குத்தான் தெரியும்.

"மொதலாளி இன்னா சொன்னாரு?"

ஷைனிதான் சொன்னாள். "இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணுமாம். இல்லன்னா நாளைலேர்ந்து நான் வர வேணாமாம்."

எளாவூர்ப் பக்கம் செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்த குடும்பம் அவளுடையது. அந்த வீட்டிலிருந்து ஒருத்தி கெமிஸ்ட்ரி படித்து, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு லேபில் நிற்கிறாள். கெட்ட பேரோடு வெளியே போனால் சிப்காட்டில் எந்த லேபும் அவளைச் சேர்க்காது. இங்கே ஒரு கம்பெனியில் தும்மினால் பக்கத்துக் கம்பெனியில் ஜலதோஷம் பிடிக்கும்.

ஃபோல்டரை உருவாக்கியது என் பெயரில் என்பதால், டினை விழுந்த பிறகும் எனக்கு மட்டும் அதன் அனுமதியைத் திருப்பி மாற்ற வழி இருந்தது. மேனேஜர் வைத்த சீலை எடுத்தேன். பழையபடி ஷைனிக்கு எழுத, மற்றவர்களுக்குப் படிக்க. ஃபோல்டர் திறந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி தேசப்பன் உள்ளே வந்தார். அவர் பின்னால் டெஸ்பாட்ச் ஜோஷ்வாவும் வந்து வாசலில் நின்றார். ஜோஷ்வா ஷைனியின் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து ஒரே பைக்கில் போகிறவர்கள்.

"இன்னாம்மா, உன் பூட்டு சரியில்லியாமே?" என்றார் தேசப்பன். "இந்தப் பொண்ணு நான் எழுதலங்குது. மேனேஜரு அதுதான் எழுதுச்சுங்கிறாரு. இது எழுதலன்னா வேற எவனோ உள்ள பூந்திருக்கான். அப்ப உன் பூட்டு இன்னா பூட்டு?"

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்குத் தாங்காது, அது என் பிறவிக் குணம். "என் பூட்டு சரியாத்தான் சார் கீது. வாங்க, ஒவ்வொரு மெஷினா உக்காந்து காட்டுறேன். ஷைனிய தவிர வேற யாராவது ஒரே ஒரு எழுத்து எழுதிட்டா, நான் கடைய மூடிட்டுப் பழவேற்காட்டுக்கே போய் எறா உரிக்கிறேன்."

எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். முதலில் மேனேஜர் அறை. ஃபோல்டர் திறந்தது, படிக்க முடிந்தது. புதிதாக ஒரு ஃபைலைப் போடப் பார்த்தேன். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னது. "பாருங்க சார்," என்றேன். அடுத்தது அக்கவுண்ட்ஸ். அங்கேயும் அதே பதில். தேசப்பன் தலையாட்டினார். அருணாச்சலம் ஷைனியைப் பார்த்தார், தான் சொன்னது சரியாகப் போயிற்று பார் என்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பூட்டு நல்ல பூட்டு என்று நான் நிரூபிக்க நிரூபிக்க, ஷைனியின் கழுத்தில்தான் கயிறு இறுகுகிறது. இந்தப் புத்தி எனக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

கடைசியாக டெஸ்பாட்ச். ஜோஷ்வா எங்களுக்கு முன்னால் வேகமாகப் போய் நாற்காலிக்குக் குறுக்கே நின்றார்.

"இது ஹேங் ஆயிடுச்சுக்கா. அப்புறமா பாத்துக்கலாம்."

"நான் இன்னாத்துக்கு வந்திருக்கேன்? நகருப்பா."

உட்கார்ந்தேன். மெஷின் ஒன்றும் ஹேங் ஆகவில்லை. ஃபோல்டரைத் திறந்தேன். சோதனை என்று ஒரு ஃபைலைப் போட்டேன். போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு தடையும் சொல்லவில்லை. அழித்தேன், அழிந்தது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் உட்கார்ந்தது.

தேசப்பன் திரையைப் பார்த்தார், பிறகு ஜோஷ்வாவைப் பார்த்தார்.

நான் எழுந்து லேபுக்கு ஓடினேன். இந்த நேரத்தில் யார் யார் எந்த மெஷினிலிருந்து உள்ளே வந்திருக்கிறார்கள் என்று லேப் கம்ப்யூட்டரே காட்டும். திறந்து பார்த்தேன். டெஸ்பாட்ச் மெஷினுக்கு எதிரில் ஷைனி என்று இருந்தது. ஷைனி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். கம்ப்யூட்டர் சொல்கிறது, ஷைனி டெஸ்பாட்சில் இருக்கிறாள் என்று. தேசப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"டெஸ்பாட்ச்ல யாரோ ஷைனி பேரும் பாஸ்வேர்டும் குடுத்து, ஞாபகம் வெச்சுக்கன்னு டிக்கும் அடிச்சிருக்காங்க சார். அதனால அங்க உக்காந்து எது எழுதினாலும் ஷைனி எழுதின மாதிரிதான்."

"உன் பாஸ்வேர்டு யாருக்கும்மா தெரியும்?" என்று தேசப்பன் கேட்டார்.

ஷைனி தரையைப் பார்த்தாள். "ஈஸ்டர் லீவுல ஒரு ரிப்போர்ட்டு அவசரமா அனுப்பணும்னு கேட்டாங்க. போன்ல அவருகிட்ட சொன்னேன் சார். பாப்பா பேருதான். ஊட்டுக்காரருதான, அவருக்குத் தெரியாம இன்னா?"

பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே என்று நான் படித்துப் படித்துச் சொன்னபோது அவள் தலையாட்டினாள் அல்லவா? அவள் கணக்கில் யாருக்கும் என்பதில் ஜோஷ்வா சேர்த்தி இல்லை. வீட்டுச் சாவி, ரேஷன் கார்டு, பாப்பாவின் மருந்துச் சீட்டு, இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று புருஷனுக்குத் தெரிந்திருக்கிற மாதிரி இதுவும் தெரிந்திருந்தது. என் வீட்டிலும் அப்படித்தான். அதனால் அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஜோஷ்வா வாசலில் நின்றபடியே பேசினார். "லாரிக்காரன் கத்திக்கினு இருந்தான் சார். எளாவூர் செக்போஸ்ட்ல லைன் கட்டிட்டா நகரவே மாட்டாங்க. ஷைனி ஆஸ்பத்திரில கீது. எப்பவும் ஓகேதான வருதுன்னு, முந்தின பேட்ச் ஃபைல காப்பி பண்ணி நம்பர மட்டும் மாத்துனேன்."

"சரக்கு திரும்பி வந்த அன்னிக்கே அத சொல்றதுக்கு இன்னாடா நைனா?" என்றார் தேசப்பன்.

"ரெண்டு பேரையும் அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன் சார். ஒரு சம்பளமாவது நிக்கட்டுமேன்னு..."

"எந்தச் சம்பளம்?" என்றாள் ஷைனி.

நான் வந்த பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் வார்த்தை.

"நேத்து ராத்திரி கூட கேட்டேன்க்கா," என்று அவள் என் பக்கம் திரும்பினாள். அவரிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னாள். "எம் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமே, நீ ஏதாவது பண்ணியான்னு. தூங்குற பாப்பா தல மேல கைய வெச்சு, நான் தொடவே இல்லன்னாரு. நான் சந்தேகப்பட்டுட்டேனேன்னு காலையில முழிச்சதும் மன்னிப்பு வேற கேட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, நீ மனுஷன்தானா? கட்டினவ வேல போவுதுன்னு அழுதுக்கினு கீறா, நீ அவளப் பைக்ல ஏத்திக்கினு வந்து விசாரணைக்கு விட்டுட்டு வேடிக்க பாத்துக்கினு நிக்கிறியா?" என்று கத்திவிட்டேன். யார் வீட்டு விவகாரத்தில் யார் தலையிடுவது என்று அருணாச்சலம் என்னைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

தேசப்பன் அதிகம் பேசவில்லை. "ஷைனி, நீ உன் வேலையப் பாரும்மா. உன் மேல எதுவும் இல்ல. இவன் நாளைலேர்ந்து யார்டுல நிக்கட்டும், கம்ப்யூட்டர் பக்கமே வரக் கூடாது. இன்னிக்கி லோட நீ டெஸ்ட் பண்ணாம அனுப்பக் கூடாது. டிரைவர் கத்துனா எங்கிட்ட அனுப்பு." அவர் போய்விட்டார். அருணாச்சலமும் அவர் பின்னாலேயே போனார்.

டெஸ்பாட்ச் மெஷின் ஞாபகம் வைத்திருந்ததை நான் அழித்தேன். ஒரு நிமிஷ வேலை. ஜோஷ்வா ஞாபகம் வைத்திருப்பதை நான் அழிக்க முடியாது, அதனால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ஷைனியை லேப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன்.

"புதுசு ஒண்ணு போடு. அவருக்குத் தெரியாததா இருக்கணும்."

அவள் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"இன்னா யோசிக்கிற? உங்கப்பா பேரு, படிச்ச ஸ்கூலு, ஏதாவது?"

"எல்லாம் தெரியும்க்கா." யோசித்து யோசித்துச் சொன்னாள். "நான் சின்னதுல கெணத்துல வுழுந்தது தெரியும். எந்தப் பரீட்சையில எத்தினி மார்க்குன்னு தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தன் எங்கிட்ட லெட்டர் குடுத்தான், அவன் பேரு கூட தெரியும். நானேதான் சொன்னேன். அவருக்குத் தெரியாதது எங்கிட்ட ஒண்ணுமே கெடயாதுக்கா."

சும்மா எழுத்தும் நம்பருமாக எதையாவது அடித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வாசலில் ஜோஷ்வா இன்னும் நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. ஷைனி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு குனிந்து அடித்தாள். நிற்காமல் அடித்தாள். நீளமாக இருந்தது. சரிபார்க்க இரண்டாவது தடவை கேட்டபோதும் ஒரு எழுத்துகூடத் தடுமாறவில்லை. திரையில் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன.

"இன்னா போட்ட?" என்றார் ஜோஷ்வா.

அவர் திருட்டுத்தனமாகக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் என்ன வாங்கினாய் என்று கேட்கிற மாதிரி, பழக்கத்தில் கேட்டார்.

ஷைனி எழுந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். லாரியிலிருந்து சாம்பிள் எடுக்கப் போக வேண்டும். அவரைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"இத்தன நாளு உங்கிட்ட சொல்லாதது ஒண்ணும் எங்கிட்ட இல்ல," என்றாள். "இன்னியிலேர்ந்து இது ஒண்ணு கீது."