சுசோ என்ற மடிப்பு

2003 ஜூலை ஒன்பதாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, பர் துபாய் மீனா பஜாரில் கலீலுர் ரஹ்மானின் தையற்கடையில், ஒரு பட்டு உடையின் கீழ்மடிப்பிலிருந்து குளிர்ந்த மலைக்காற்று வீசியது. வெளியே நாற்பத்தாறு டிகிரி. உடை மிச்சிகோ என்ற ஜப்பானியப் பெண்மணியுடையது. மகள் கல்யாணத்துக்கு உடுத்த வேண்டும், ஓரம் பிரிந்திருந்தது. முந்தின நாள் கொடுக்கும்போது, எங்கள் மொழியில் இந்த ஓரத்துக்குச் ‘சுசோ’ என்று பெயர், மலையடிவாரத்தையும் அப்படித்தான் சொல்வோம், பிடரி முடியையும் அப்படித்தான் என்றார். எழுதும்போது துணிக்கான குறியின் பக்கத்தில் தங்கியிருப்பதற்கான குறியை வைப்பார்களாம். சொல் எங்கே பிறந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை. கீழக்கரைக்காரரான கலீலுக்குச் சொல் பிடித்துப்போயிற்று. மறந்துவிடாமலிருக்க, தையலுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே தைத்து முடித்தார். மிச்சிகோ வந்து காற்றை முகத்தில் வாங்கி, எங்கள் ஊர் அடிவாரக் காற்றுதான் என்று உறுதிசெய்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை, கட்டட சைட்டில் கம்பி கட்டும் சிவகங்கைப் பழனிச்சாமி கடைக்கு வந்தார். கலீலுக்குப் பத்து வருடப் பழக்கம். வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தார். மூன்றாம் முறை விழுந்தால் விசாவை கேன்சல் செய்வதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஊரில் மகள் அகிலா நர்சிங் படிப்பில் பாதியில் இருந்தாள். கலீல் அவருக்கு ஒரு லுங்கியைக் கொடுத்து, யூனிஃபார்ம் பேண்டை வாங்கி, மடிப்பைப் பிரித்து, சுசோ சொல்லிச் சொல்லி மறுபடி தைத்தார். மறுநாள் மதியம் போன் வந்தது.

“பாய், வேர்க்கவே இல்ல. கணுக்கால்லேர்ந்து காத்து மேல ஏறுது. இனி நான் விழமாட்டேன் பாய்.”

“அப்ப இன்னொரு பேண்டையும் கொண்டாங்க,” என்றார் கலீல்.

அடுத்த வெள்ளியன்று வரிசை படகுத்துறை வரை நீண்டது. செப்டம்பருக்குள் நானூற்றுப் பதினொரு பேண்டுகள் தைத்தாயிற்று. சூப்பர்வைசர் ஒருநாள் சைட்டிலேயே மண்டியிட்டு, பழனிச்சாமியின் கணுக்காலில் கைவைத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வரிசையில் இருபத்து மூன்றாவது ஆளாக நின்றார். அந்தக் கோடையில் அதற்குப்பின் ஒருவரும் விழவில்லை. கட்டடத்தின் மேல் தளத்தில் கடைசிக் கம்பியைக் கட்டியவர் பழனிச்சாமி. கீழே நின்ற அத்தனை பேரும் விசிலடித்தார்கள். டிசம்பரில் அதே காற்றில் கால் விறைக்கிறது என்று தொழிலாளர் கேம்ப் முழுவதும் சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டது. மடிப்பைப் பிரித்துத் தரச் சொல்லி ஒருவரும் வரவில்லை.