மூன்றாவது ஓலை

செத்தது யார் என்பதை வியாகுலம்மாள்தான் முடிவு செய்தாள்.

1997 மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவளுடைய மூத்த மகன் அருள்நாதன் கிடந்தான். வத்தலக்குண்டு ரோட்டில் மணல் லாரி அவனுடைய மொபெட்டையும் விடவில்லை, முகத்தையும் விடவில்லை.

வியாழக்கிழமை அவனுக்குக் குவைத் விமானம். வெல்டர் வேலை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றும் அவள் மடியிலிருந்த மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தன.

எதிரே இளைய மகன் ஜெரோம் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"அழுதது போதும் அப்பு. இப்பப் போலீசுக்காரரு வந்து பேரு கேப்பாரு."

"சொல்லுவோம்."

"ஜெரோம்னு சொல்லப் போறேன்."

அவன் அழுகை நின்றது. "ஏம்மா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"ஏலே, சத்தம் போடாத. அவன்தான் போயிட்டான், அவன் வேலையும் கூடவே குழிக்குள்ள போகணுமா? ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. ஒரே பட்டறை. நீ அந்த மீசைய எடுத்துட்டா பாஸ்போட்டுல இருக்கிறது நீதான்."

"ஷைனி?"

ஷைனி ஜெரோமின் மனைவி. கல்யாணமாகி ஐந்து மாதம். இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று சேவுகம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"நீ பிளைட்டு ஏறுன மறுநாள் நானே அவகிட்டச் சொல்லிருவேன். இப்பச் சொன்னா அவளுக்கு அழுகை வராது. அவ அழுகிற அழுகையிலதான்டா ஊரு நம்பணும்."

ஜெரோம் மஞ்சள் பையைப் பார்த்தான். மெட்ராசில் நேர்முகத் தேர்வு நடந்த அன்று அண்ணனுக்குத் துணையாகப் போனவன் அவன். தன்னிடம் பாஸ்போர்ட் இல்லாததால் கேட்டுக்கு வெளியே நாள் முழுக்க நின்றான். உள்ளே போன அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது இன்னும் கண்ணில் இருந்தது. அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பிடிக்கவில்லை. இன்றைக்கு அதை நினைக்கக் கூசியது. கூசினாலும், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வியாகுலம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. எழுந்துபோய்ப் பிணவறை ஆளைக் கூப்பிட்டாள்.

"ஐயா, மூஞ்சிய மட்டுமில்ல, காலையும் சேத்துத் துணி சுத்திருங்க."

ஜெரோம் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். பத்து வயதில் பட்டறையில் இரும்புத் தகடு விழுந்து சுண்டுவிரல் போயிருந்தது. அம்மா எதையும் மறக்கவில்லை.

*

பழனியில் மலையடிவாரத்து லாட்ஜில் யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. அதனால்தான் அம்மா அவனை அங்கே அனுப்பினாள். அருள்நாதனை ஏஜென்ட் அவசரமாக மெட்ராசுக்கு வரச் சொல்லிவிட்டார், தம்பி செத்தது தெரியாமலே போய்விட்டான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஜெரோம் ஒரு நோட்டு வாங்கி, பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் கையெழுத்தைப் போட்டுப் பழகினான். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அடக்கம். நாலு மணிக்கும் கையெழுத்துதான் போட்டுக்கொண்டிருந்தான். அருள்நாதன். அருள்நாதன். நாற்பது பக்கம்.

புதன்கிழமை காலை சலூனுக்குப் போனான்.

"மொட்டைங்களா?" என்றார் சலூன்காரர்.

"மீசை மட்டும்."

"மீசை மட்டும் வேண்டுதலுங்களா? முருகன் இப்பத்தானுங்க முதல் தடவையாக் கேக்கறாரு!"

கண்ணாடியில் அண்ணன் தெரிந்தான். சிரிக்கவில்லை.

மதியம் மெட்ராஸ் பஸ் ஏறினான். பஸ் திண்டுக்கல் ஸ்டாண்டுக்குள் போய் நின்றது. பத்து நிமிடம். தெரிந்தவர் யாரும் ஏறிவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

சுவரில் அவன் முகம் இருந்தது.

'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் ஒரு போஸ்டர். கீழே மீசையோடு அவன் படம். கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. பக்கத்தில் நின்றிருந்த ஷைனியை நீக்கியிருந்தார்கள். அவள் தோள் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடியில், 'கண்ணீருடன்: தாய் வியாகுலம்மாள், அண்ணன் அருள்நாதன் (குவைத்).'

இன்னும் விமானம் ஏறவில்லை. அதற்குள் அவனைக் குவைத்காரன் ஆக்கிவிட்டார்கள்.

பக்கத்து சீட்டில் இருந்தவர் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி, பொம்மையன் என்று பெயர் சொல்லியிருந்தார். இறங்கி டீ குடித்துவிட்டு வந்து அவரும் எட்டிப் பார்த்தார்.

"லட்சணமான பையனுங்க. லாரியாம்ல? டீக்கடையில பேசிக்கிட்டாங்க. பொஞ்சாதி சின்னப் பொண்ணாம். குழிக்கிட்ட மயக்கம் போட்டு விழுந்துடுச்சாமுங்க."

ஜெரோம் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"தம்பி எதுவரைக்கும் போறீங்க?"

"குவைத்து."

"அடேங்கப்பா! கொடுத்து வச்சவருங்க நீங்க. நல்லா இருங்க."

பஸ் நகர்ந்தது. இறங்கி ஓடினால் நாகல் நகரில் அவன் வீட்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது. அவன் இறங்கவில்லை.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர் கேட்டார், சொன்னான். பிறந்த தேதி கேட்டார், சொன்னான்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல சார்."

டப்பென்று முத்திரை விழுந்தது. உள்ளே போனதும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தான். வழியனுப்ப வந்தவர்களுக்குக் கையாட்டியபடி எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். இவனுக்குக் கையாட்ட ஒருவரும் இல்லை. செத்தவனை யார் வழியனுப்புவார்கள்?

*

குவைத்தில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். வெயிலிலும் தீப்பொறியிலும் ஏழு மாதம் போனது. அருளு என்று கூப்பிட்டால் இப்போது உடனே திரும்பினான்.

அம்மா மாதம் ஒரு கடிதம் போட்டாள். 'ஷைனியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பொறுமையாக இருக்கிறாள். நீ அவளுக்கு எழுதாதே. தபால்காரருக்கு வாய் சும்மா இருக்காது.' அவன் எழுதவில்லை. அம்மா சொன்னதை நம்பினான். நம்புவது சுலபமாக இருந்தது.

அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை மாலை. அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து அம்மாவுடையது அல்ல.

'அத்தையின் கடித உறையிலிருந்து இந்த முகவரியை எடுத்தேன். பெட்டியை மூடுவதற்கு முன்னால் கால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று துணியை விலக்கினேன். உங்கள் வலது காலில் நாலு விரல்தான். அந்தக் காலில் ஐந்து இருந்தது. நான் அழுத அழுகையைப் பார்த்து ஊரே நம்பியது. நான் பெரிய மச்சானுக்காக அழுதேன். அவருக்காக அழ வேறு ஆள் இல்லை.

ஏழு மாதம் உங்கள் வீட்டிலேயே வெள்ளைச் சேலையோடு இருந்தேன். அத்தை எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் எழுதுவீர்கள் என்று இருந்தேன். இப்போது அப்பா எனக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் முதல் ஓலையை நேற்றுப் பூசையில் வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் சொன்னபோது அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஓலை பத்தொன்பதாம் தேதி ஒன்பது மணிப் பூசையில். அதற்குமேல் வாசிக்க மாட்டார்கள். சாமியார் பங்களா போன் நம்பர் கீழே இருக்கிறது. எட்டரை மணிக்கு மறைக்கல்வி நோட்டை எடுக்க அங்கே வருவேன். நீங்கள் சாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானே சொல்லலாம்தான். நான் சொன்னால் அது காட்டிக்கொடுப்பது. நீங்கள் சொன்னால்தான் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஷைனி.'

பத்தொன்பதாம் தேதி என்பது நாளைக்கு.

சாப்பிடும்போது அறைத்தோழர் அப்துல் ஜப்பார் ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னார். கம்பெனி வண்டி ஓட்டுகிறவர், அவருக்கும் திண்டுக்கல்தான்.

"பக்கத்துக் கேம்ப்புல நேத்து ஒருத்தனைத் தூக்கிட்டாங்கடா. வேற ஆளு பாஸ்போட்டாம். இங்க ஜெயிலு, அப்புறம் ஊருல ஜெயிலு. அவங்கம்மாவயும் விடமாட்டாங்களாம்."

ஜெரோம் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

*

குவைத்தில் காலை ஆறு மணி. திண்டுக்கல்லில் எட்டரை. டெலிபோன் பூத்துக்கு எதிரே கம்பெனி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஆறே காலுக்குக் கிளம்பிவிடும்.

மூன்றாவது முயற்சியில் மணி அடித்தது.

"பங்கு சாமியார் பேசுறேன். யாரு?"

"ஃபாதர்... நான்... வியாகுலம்மா மகன்."

"யாரு?"

அவன் கண்ணை மூடினான். ஜெரோம். மூன்றே எழுத்து. நாக்கு நுனியில் வந்து நின்றது. வெளியே ஜப்பார் ஹாரனை அழுத்தினார்.

"ஏய் அருளு! வாரியா, போகட்டுமா?"

அந்தச் சத்தம் திண்டுக்கல் வரை கேட்டுவிட்டது.

"ஓ, அருளா? நல்லா இருக்கியாப்பா? கல்யாண விஷயமாத்தான் கூப்பிட்டியா?" சாமியார் சிரித்தார். "என்னப்பா, எதுவும் தடை சொல்லப் போறியா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

"பின்ன?"

"தம்பி பொண்டாட்டி... நல்லா இருக்கட்டும்னு சொல்லத்தான்."

"பெரிய மனசுப்பா உனக்கு. இரு, பொண்ணு இங்கதான் நிக்கிது. அதுகிட்டயே சொல்லு."

"வேணாம் ஃபாதர், வேணா..."

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் கேட்டது. அந்த மூச்சு அவனுக்குத் தெரியும்.

"நல்லா இருக்கீங்களா, பெரிய மச்சான்?"

ஐந்து மாதக் குடித்தனத்தில் அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அது அண்ணனைக் கூப்பிடுவது.

"ஷைனி..."

"சாமியார் கேட்டதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு. ரொம்ப சந்தோசம்." குரல் உடையவில்லை. அதுதான் அவனை அறுத்தது. "அடுத்த மாசம் கல்லறைத் திருநாளு வருது. உங்க தம்பிக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன். வச்சிரட்டுமா? பூசைக்கு மணி அடிச்சிருச்சு."

உண்மையிலேயே மணி அடித்தது. நாகல் நகரில் தன் வீட்டில் இருந்தபடி ஆயிரம் தடவை கேட்ட மணி. அது முடிவதற்குள் போன் அறுந்தது.

வண்டியில் ஏறி, ஜப்பாருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான். இரும்பு முனை வைத்த ஷூவுக்குள் நாலு விரலும் மரத்திருந்தன.

"காலங்காத்தால யாருக்குடா போனு?"

"ஊர்ல ஒரு கல்யாணம்."

"யாருக்கு?"

"தம்பி பொண்டாட்டிக்கு."

ஜப்பார் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "உனக்குத் தம்பி இருந்தானா? இம்புட்டு நாளா ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"இருந்தான்" என்றான் அருள்நாதன்.