மெஹருன்னிசாவின் காதில் தங்கிய பாங்கு

1927ஆம் வருஷம் ஐப்பசியில் டாக்டர் ஜலீல், உசிலம்பட்டி மொக்கைச்சாமியின் இடது காதிலிருந்து ஒரு இடியை இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தார். மாடு மேய்க்கும்போது உள்ளே போய் மாட்டிக்கொண்ட இடி அது. தெற்கு வெளி வீதியிலிருந்த அவருடைய ஆஸ்பத்திரியில் இரண்டு ஜன்னல் கண்ணாடி தெறித்தது. வாசலில் நின்ற ஜட்கா குதிரை மிரண்டு ஒரு கீரைக்கூடையைக் கவிழ்த்தது. மொக்கைச்சாமிக்குக் காது கேட்டது. சென்னையில் படித்துவிட்டு வந்த காது மூக்குத் தொண்டை டாக்டர் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அதன்பின் அவர் கை ஓயவில்லை. மில் தொழிலாளிகளின் காதிலிருந்து ஆலைச் சங்கை எடுத்தார். விளாங்குடி மிராசுதார் ஒருவரின் காதில் பங்காளி வழக்கின் குறுக்கு விசாரணை முழுவதும் கெட்டித்துக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு பகல் போயிற்று. கொடைக்கானலிலிருந்து வெள்ளைக்காரத் துரைகள் இறங்கி வந்தார்கள். சர்க்கார் பட்டம் கொடுத்தது. இவ்வளவு பேர் வாங்கிய மனிதருக்குச் சொந்த வீட்டில் மட்டும் கை ஓடவில்லை.

1929இல் மகள் மெஹருன்னிசா பிறந்தபோது அழவில்லை. பிறந்த பிள்ளையின் காதருகே தகப்பன் மெல்லிய குரலில் பாங்கு என்னும் தொழுகை அழைப்பைச் சொல்வது வழக்கம். நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளையைக் கண்டு ஜலீல் பயந்துபோனார். காதின் மென்மையை அவரைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் அன்றைக்கு அதை மறந்து, பள்ளிவாசல் மனாராக் கோபுரத்தில் நிற்பவரைப் போல, இரண்டு காதிலும் மாறி மாறி முழுத் தொண்டையில் சொன்னார். பிள்ளை பிழைத்தது. பாங்கு உள்ளேயே தங்கி, வேறு எந்தச் சத்தத்தையும் உள்ளே விடவில்லை.

நெற்றியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு பார்க்கும்போதெல்லாம் அது அங்கே வெளிச்சமாக அசைந்துகொண்டிருந்தது. எடுக்க அவருக்குத் துணிவில்லை. பிறப்பில் சொல்லும் பாங்குக்கு உரிய தொழுகை, இறந்தபின் மையித்தை அடக்குமுன் தொழுவதுதான் என்பார்கள். பாங்கை எடுத்தால் ஆயுசும் கூடவே வந்துவிட்டால்? ஊரார் காதையெல்லாம் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து அவர் அழுவது தெருவுக்கே கேட்டது, மகளுக்குக் கேட்கவில்லை. மனைவி அஜ்மல் பீவி பன்னிரண்டு வருஷம் பொறுத்தாள்.

"வண்டி வர்றது தெரியாம நேத்து சக்கரத்துல விழப் பாத்தா. ஒங்க பயத்துக்கு எம் மகளச் சாகக் குடுப்பீகளோ? அல்லா மேல பாரத்தப் போட்டு எடுங்க" என்றாள்.

1941இல் எடுத்தார். பாங்கு இடுக்கியில் நிற்காமல் ஜன்னல் வழியே போய் ஊருக்கு மேலே ஒலித்தது. தொழுகை நேரம் இல்லைதான். இருந்தாலும் சில கடைக்காரர்கள் எழுந்து கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யப் போனார்கள். மெஹருன்னிசாவின் மூச்சு நிற்கவில்லை. காக்கை கேட்டது, குழாய்த் தண்ணீர் கேட்டது, அம்மாவின் விசும்பல் கேட்டது. அத்தா கூப்பிட்டது மட்டும் கேட்கவில்லை. அவர் தொண்டை கிழியக் கத்தினார். அவளுக்கென்று அவரிடம் இருந்த குரல் அத்தனையும் அந்தப் பாங்கோடு போய்விட்டிருந்தது.

பேசப் பழகியதும் அவள் முதலில் கேட்டது இதைத்தான்: "எனக்குள்ள ஒருத்தவுக கூப்பிட்டுக்கிட்டே இருந்தாகளே, அவுக எங்கம்மா போனாக?"

அஜ்மல் பீவி புருஷனைக் கை காட்டினாள். ஜலீல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. டாக்டர் மகளிடம் பேசினால் பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கமாயிற்று. நிக்காஹ்வுக்கு அவள் சம்மதத்தை அவர் கேட்டதும் அப்படித்தான். 1948இல் அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, ஒருநாள் ஆஸ்பத்திரியில் நின்றபோது, காதில் சீழ் வைத்து வந்திருந்த ஒத்தக்கடைப் பேயாண்டி நாற்காலியில் இருந்தபடியே சொன்னான்:

"தாயி, சாப்டியான்னு ஒங்க அத்தா கேக்குறாரு."

"சாப்டேன்னு சொல்லுங்கண்ணே."

டாக்டர் இன்னும் ஏதோ முணுமுணுத்தார்.

"மன்னிச்சிரச் சொல்றாரு தாயி."

"தெனமும் கேக்குறாக. மன்னிச்சிட்டேன்னுதான் நானும் தெனமும் சொல்றேன்."

டாக்டர் காதிலேயே விழுந்ததுதான் என்றாலும், பேயாண்டி அதையும் வரி பிசகாமல் அவரிடம் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.