சாக்குக்குள் இருந்தவர்

தக்ஷாயினி அந்தப் படத்தைப் பார்க்கத் தன் தகப்பனைக் கூப்பிட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. ஒஸ்லோவின் கிரூனர்லொக்காவில் சின்னத் திரையரங்கு ஒன்றில் பழைய படங்களைத் தேர்ந்து போடுவது அவள் வேலை. பெப்ரவரிச் சனிக்கிழமைகளில் பிற்பகலில் இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஊரில் குதிரைப் படங்கள் பார்த்ததாக அப்பா எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பேருந்து ஓட்டும் இந்திரகுமாருக்கு அன்று விடுமுறை. மகள் படத்தைப் பற்றி மேடையில் பேசுவதைப் பார்க்கவேணும் என்றுதான் ட்வெய்ட்டாவிலுள்ள வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தார்.

படம் விசித்திரமானது, கொடூரமானது என்று தக்ஷாயினி முதலிலேயே நோர்வேஜியனில் எச்சரித்தாள். உப்பு வயல்களுக்கு நடுவில் ஒரு ஊர். அங்கே சூரியன் மறைவதேயில்லை. பாதிரியார் தேவாலயத்துக்குள் கோழி வளர்க்கிறார். கோழிகள் சவப்பெட்டிகளில் முட்டையிடுகின்றன. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கப்டன் தன் கூலிப்படையோடு வந்து ஊரைப் பிடிக்கிறான். பெயரில்லாத ஒருவன் கழுதையில் வருகிறான். இந்திரகுமாருக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. மகள் இதற்காகவா பல்கலைக்கழகத்தில் படித்தாள் என்றுகூட நினைத்தார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஊர்ச்சனம் வரிசையில் நடக்கிறது. வண்டியின் மேல் ஒரு கதிரை. கதிரையில் ஒருவன். அவன் தலையில் சாக்கு. சாக்கில் கண்களுக்கு இரண்டு ஓட்டைகள். ஒவ்வொருவராக அவன் முன்னால் வந்து நிற்க, சாக்குத் தலை சிலருக்கு அசையாமல் இருக்கிறது, சிலருக்குக் கீழே குனிகிறது. குனிந்தவர்களைக் காற்றாலையின் சிறகுகளில் கட்டித் தூக்குகிறார்கள். காற்றாலை மெல்லச் சுற்றுகிறது.

இந்திரகுமார் எழுந்து வெளியே போனார்.

தக்ஷாயினி பின்னால் ஓடிவந்தபோது அவர் நுழைவுக்கூடத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நெஞ்சு நோகுதா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, அவளுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு அண்ணன் ஒருவர் இருந்ததும், ஊரில் ராணுவம் பிடித்துக்கொண்டு போனதும், திரும்பி வராததும் அவளுக்குத் தெரியும். எப்படிப் பிடித்தார்கள் என்பது தெரியாது. சுற்றிவளைப்பு நடந்த அன்று ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜீப்பில் ஒரு தலையாட்டி இருந்தான். பிடிபட்டவர்களில் ஒருவனை அடித்து நொறுக்கி, முகத்தைச் சாக்கால் மூடி உட்கார வைப்பார்கள். அவன் யாருக்குத் தலையாட்டுகிறானோ அவரை இழுத்துப் போவார்கள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த சந்திரகுமார் அண்ணன் ஈரத்தலையோடு வரிசையில் முன்னால் நின்றார். பின்னால் பதினெட்டு வயது இந்திரகுமார். அண்ணன் ஜீப்பருகில் போனதும் சாக்குத் தலை குனிந்தது. அடுத்து இவர் போனார். தலை அசையவில்லை.

"ஆரெண்டு தெரியுமோ அப்பா?"

"காலைப் பாத்தனான். இடது கால் சின்ன விரல் இல்லை."

அந்தக் காலுக்குரியவன் அதே ஊர்ப் பொடியன், ஆனந்தராஜா. சில நாள் முன்னர் ராணுவம் அவனைச் சந்தியில் வைத்துப் பிடித்திருந்தது. இதை இந்திரகுமார் அப்போது யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விடுதலையாகி வந்த அன்றே போராளி இயக்கம் ஆனந்தராஜாவைத் துரோகியென்று மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கும். இன்னொரு சாவைத் தன் வாயால் கொண்டுவர அவர் விரும்பவில்லை. ஆனால் மன்னிக்கவும் இல்லை. நோர்வேக்கு வந்த சில வருடங்களில் ஆனந்தராஜாவும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் எதிர்ப்பட்டபோதெல்லாம் இந்திரகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஏன் என்று ஆனந்தராஜா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததே இந்திரகுமாருக்குச் சாட்சியாக இருந்தது.

வீட்டுக்குப் போவோம் என்றாள் தக்ஷாயினி. அவர் மறுத்தார். படம் எப்படி முடிகிறதென்று பார்க்கவேணும் என்றார்.

கடைசிப் பாதிக்கு இருவரும் உள்ளே போனார்கள். கழுதையில் வந்தவன் கூலிப்படையைச் சுட்டு வீழ்த்திவிட்டு வண்டியில் ஏறுகிறான். சாக்கைக் கிழிக்கிறான். உள்ளே இருப்பவன் பிணம். செத்து வெகுநாளாகிக் காய்ந்துபோன முகம். பிடரியில் ஒரு கம்பி. கம்பியிலிருந்து ஒரு நூல் கதிரைக்குப் பின்னால் இறங்குகிறது. நூலின் மறுநுனி கப்டனின் வெள்ளைக் கையுறையில்.

விளக்குகள் எரிந்த பிறகும் இந்திரகுமார் இருக்கையைவிட்டு எழவில்லை. தன் ஊர் மைதானத்தில் நூல் எதுவும் இருந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடமும் அவர் அந்தக் கால்களை மட்டுமே நினைத்திருந்தார். சாக்குக்குள் இருந்தவனின் கைகள் எங்கே இருந்தன என்று ஒருதடவையும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை அவர் ஆனந்தராஜா குடியிருக்கும் மோர்டென்ஸ்ருட்டுக்குப் போனார். தக்ஷாயினி கூடவே வந்தாள். வரிசை வீடொன்றின் முன்னால் ஆனந்தராஜா பனி தள்ளிக்கொண்டு நின்றார். இவர்களைக் கண்டதும் மண்வாரியைச் சுவரில் சாத்தினார். மனைவி கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லி உள்ளே அழைத்தார். யாரும் குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை.

"கையைக் கட்டியிருந்தவங்களோ?" என்று கேட்டார் இந்திரகுமார்.

எதைப் பற்றி என்று ஆனந்தராஜா கேட்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஓம். பின்னாலை."

பிறகு அவராகவே சொன்னார். பிடித்த நாளிலிருந்து அவரை நித்திரை கொள்ள விடவில்லை. கண் மூடினால் தண்ணீர் ஊற்றினார்கள், அடித்தார்கள். மைதானத்தில் மற்றச் சிலருக்குத் தலையாட்டியது உண்மை. அதை அவர் மறுக்கவில்லை. ஆட்டாவிட்டால் உன் தங்கையைக் கொண்டுவருவோம் என்றார்கள். அப்படிப் பிடிபட்டவர்களின் பெயர்களை இப்போதும் தான் மறக்கவில்லை என்றார்.

"உன்ரை அண்ணைக்கு நான் ஆட்டேல்லை, குமார். சாக்குக்குள்ளை மூச்சு முட்டிச்சுது. கண் செருகித் தலை விழுந்திட்டுது. நிமிரேக்கை அவரைக் கொண்டுபோறாங்கள். இல்லையெண்டு கத்தினனான். துவக்குப் பிடியாலை அடிச்சாங்கள்."

நம்புவதா என்று இந்திரகுமாருக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றபோது ஜீப்புக்குள் ஏதோ சத்தம் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. தனக்கு அசையாத தலை அப்போது நினைவோடு இருந்ததா, மயங்கிக் கிடந்ததா?

"பிறகு?" என்றார்.

"ராவு என்னையும் உன்ரை அண்ணையையும் ஒரே அறையிலைதான் விட்டவங்கள். எனக்குக் கை அவிழ்க்கேல்லை. அவர்தான் சிரட்டையிலை தண்ணி பருக்கினவர். சாக்குக்குள்ளை இருந்தது நானெண்டு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லேல்லை. விடிய அவரைக் கூட்டிக்கொண்டு போனாங்கள். மதிலுக்குப் பின்னாலை வெடி கேட்டுது. என்னையும் இன்னொருத்தனையும் கொண்டு அவரைப் புதைக்கக் கிடங்கு வெட்டுவிச்சாங்கள்."

தக்ஷாயினி தகப்பனின் முழங்கையைப் பிடித்தாள். ஆனந்தராஜா நிலத்தைப் பார்த்தபடி அழுதார்.

இந்திரகுமார் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவர் நினைத்ததெல்லாம் புஷ்பராணியைத்தான். சந்திரகுமாரைக் கலியாணம் செய்து எட்டு மாதத்தில் பறிகொடுத்தவர். ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றும், அந்த வடகோடியைவிட்டு வராமல் தனியாக இருக்கிறார். உடலைக் காணாதபடியால் கணவன் செத்தார் என்று அவர் ஏற்கவுமில்லை, இருக்கிறார் என்று சொல்லவுமில்லை. திவசம் கொடுக்கலாம் என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவார்.

"அண்ணிக்குச் சொல்லவேணும்," என்றார் இந்திரகுமார். "நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

ஆனந்தராஜா போனுக்காகக் கையை நீட்டினார். இந்திரகுமார் எண்ணை அழுத்திப் போனைக் கொடுத்தார். புஷ்பராணி எடுத்தார். ஆனந்தராஜா தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, இவர்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் அதே ஒழுங்கில் சொன்னார். தலை விழுந்ததையும் தண்ணீர் பருக்கியதையும் கிடங்கையும் சொன்னார். இடையில் ஒருதடவையும் புஷ்பராணி குறுக்கிடவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தக்ஷாயினி எட்டிப் பார்த்தாள்.

"எந்த நாள்?" என்று கேட்டது புஷ்பராணியின் குரல்.

"ஆடி அமாவாசை, அக்கா. விடியப்பறம்."

"சரி."

அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே புஷ்பராணி இந்திரகுமாருக்குத் திரும்பவும் போன் எடுத்தார். திட்டவில்லை, அழவில்லை. இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு ஒஸ்லோவுக்கு வருகிறேன், ஐயரைக் கேட்டு வை என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, அந்த மனிசனையும் வரச்சொல்லு, முகத்தைப் பார்க்கவேணும் என்றார்.

ஆடி அமாவாசையன்று ட்வெய்ட்டா வீட்டில் முதல் திவசம் நடந்தது. புஷ்பராணி நெற்றிப் பொட்டை அழிக்காமல்தான் வந்திருந்தார். பிண்டம் வைக்கும்போது ஐயர் பெயர் கேட்க, இந்திரகுமாருக்கு முன்னால் அவரே கணவனின் பெயரைச் சொன்னார். பெயரைச் சொல்லி இவ்வளவு காலமானபடியால் முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை எல்லாருக்கும் கேட்டது.

ஆனந்தராஜா தன் மனைவியோடு வந்து வாசலோரமாக நின்றார். மனைவிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அந்த அம்மாவின் வீங்கிய கண்களில் தெரிந்தது. புஷ்பராணி அவர் முன்னால் போய் நின்று, முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஆனந்தராஜா தலை குனியாமல் நின்றார். மன்னித்ததாகப் புஷ்பராணி சொல்லவில்லை. உள்ளே வந்து இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று மட்டும் சொன்னார்.

இந்திரகுமார் ஆனந்தராஜாவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் பரிமாறிக்கொண்டிருந்த தன் மனைவி ராசமலர் வேறு வேலையாகப் போனபோது, சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய் ஆனந்தராஜாவின் இலையில் தானே பரிமாறினார்.