போணிக்குக் கொடுத்த ஆண்டுகள்

1974ஆம் ஆண்டு தை மாதம், ஏழு ரூபாய் நீட்டினாலும் கண்டியில் ஒரு கொத்து, அதாவது இரண்டு ராத்தல், அரிசி கிடைக்காதிருந்தபோது, கொழும்பு வீதி ஜமால்தீன் நானாவின் கடையில் புஷ்பம் என்ற பெண்ணுக்கு மட்டும் கொத்து இருபத்தைந்து சதத்துக்கு அரிசி விற்கப்பட்டது. நல்ல பர்மா அரிசி. சாக்கில் ரங்கூன் என்று அச்சடித்திருந்தது. இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து எட்டுக் கொத்து வாங்கிய புஷ்பம், தலையில் சுமந்து வந்து, உலை வைத்து, சோறு வடித்த பிறகே கணவர் கறுப்பையாவிடம் விஷயத்தைச் சொன்னாள். கையில் வேறு காசில்லை, அதனால் அவருடைய பழைய நோட்டு அல்பத்திலிருந்து ஒன்றை எடுத்தேன் என்றாள். கறுப்பையா சோற்றைப் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்து அல்பத்தைப் பார்த்தார். 1952ஆம் ஆண்டைக் காணவில்லை.

கறுப்பையா ஒரு புடவைக்கடையின் கணக்கப்பிள்ளை. கல்லாவுக்கு வரும் பழைய நோட்டுகளைத் தன் சம்பளக் காசைப் போட்டு மாற்றி எடுத்து வந்து அல்பத்தில் வைப்பார். ஊரில் அவருக்குக் கஞ்சன் என்று பேர். அது வீண்பழி, கஞ்சன் காசைப் பூட்டி வைப்பான், இவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். மன்னர் தலை போய் ராணி தலை வந்ததும், ராணி போய் நாட்டின் இலச்சினை வந்ததும், ஆங்கிலம் இறங்கியதும் சிங்களம் ஏறியதும், தமிழ் எந்த ஆண்டில் எந்த மூலையில் நின்றது என்பதும் அவருக்கு அத்துப்படி. "நாடு என்ன நெனைக்குதுன்னு மந்திரிமார் சொல்ல மாட்டாங்க, நோட்டு சொல்லிரும்" என்பார். இந்திய வம்சாவளித் தமிழரான அவரைத் தன் ஆள் என்று இந்த நாடும் ஒப்புக்கொள்ளவில்லை, இந்தியாவும் ஒப்புக்கொள்ளவில்லை. நாடற்ற ஒருவர் ஒரு நாட்டையே அலுமாரிக்குள் சேர்த்து வைத்திருந்தது வேடிக்கைதான். ஆனால் பாவம், அவர் வேறு எங்கே போய் அதை வைத்துக்கொள்வது?

இதற்கெல்லாம் காரணம் போணி. ஜமால்தீன் நானா, விடிந்ததும் முதலில் வருகிறவரின் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்ன நோட்டு என்று பார்க்காமலே மேசை லாச்சிக்குள் போடுகிறவர். பார்க்கப்படாத நோட்டு தன் வயதை மறைக்க வேண்டியதில்லை அல்லவா? அது தன் ஆண்டையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்துவிட்டது. கறுப்பையா மறுநாள் 1951ஆம் ஆண்டு ஒரு ரூபாயுடன் முதல் ஆளாகப் போய் நின்று பார்த்தார். நானாவின் தாடி கறுத்தது, விலைப்பலகையில் தேங்காயெண்ணெய் மலிந்தது, காலிப் பெட்டியில் அரிசி நிறைந்தது. பொட்டலத்தோடு வாசற்படி இறங்கியதும் தாடி நரைத்துவிட்டது, அரிசி மட்டும் கையிலிருந்தது. இன்னொரு நாள் இரண்டாவது ஆளாகப் போனபோது நானா நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரிசி இல்ல தம்பி" என்றார். அரிசி விலையேற்றத்தால் ஹர்த்தால் வெடித்த ஐம்பத்துமூன்றின் நோட்டுக்குக் கொத்து எழுபது சதம் ஆனது. சரித்திரம் ஒரு சதம்கூடப் பிசகவில்லை. சாயந்தரம் லாச்சியில் பழைய நோட்டைக் கண்ட நானாவும் ஒன்றும் கேட்கவில்லை. அல்லா தரும் பரக்கத்தை எண்ணிப் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

சோதித்துப் பார்த்த திருப்தியோடு கறுப்பையா அல்பத்தைப் பூட்டிவிட்டார். இது அரிசி வாங்குகிற காசில்லை, சரித்திரம் என்றார். "அப்ப அதையே ஒலையில போடுங்க" என்றாள் புஷ்பம். அந்தக் கிழமையே ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவருடைய தங்கை இராஜேஸ்வரி, மகள் கமலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தோட்டத்தில் வேலை குறைந்து, கோதுமை மாவும் நின்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் சாவு விழுந்துகொண்டிருந்த காலம் அது. ஐந்து வயதுப் பிள்ளையின் பாதம் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இராஜேஸ்வரி அழவில்லை. "அண்ணே, இவளுக்கு இப்பெல்லாம் பசிக்கிறதில்லையாம். அதான் பயமா இருக்கு" என்றாள். கறுப்பையா எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார்.

அன்று தொடங்கி, கொழும்பு வீதியில் கடைப் பலகை எடுக்கும் முன்பே கறுப்பையா வாசலில் நின்றார். ஆண்டுகள் ஒவ்வொன்றாகச் செலவாயின. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியான ஐம்பத்தாறைக் கொடுத்த அன்று அவர் சாப்பிடவில்லை. இனக்கலவரம் நடந்த ஐம்பத்தெட்டைக் கொடுத்தபோது கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது, நானா தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டே அளந்தார். ஐம்பத்தொன்பதில் எதிர்க்கடையில் சுடப்பட்ட பிரதமருக்காக வெள்ளைக்கொடி தொங்கியது. படிக்கு வெளியே 1974இல், அரிசி கொண்டுபோகிறவர்களைப் பொலிஸ் வழியில் மறித்துப் பறித்த நாட்கள் அவை. இராஜேஸ்வரி அதைத் துணியில் கட்டி, சேலைக்குள் வயிற்றில் சுற்றிக்கொண்டு, பிள்ளைத்தாச்சி போல பஸ் ஏறிப் போனாள். அவள் லயத்தில் பத்துப் பிள்ளைகள் அதைக் கஞ்சியாய்க் குடித்தார்கள். கமலத்தின் கால் வீக்கம் வற்றத் தொடங்கியது. பசிக்கிறது என்று அவள் முதல் தடவை அழுத செய்தி வந்த அன்று, கறுப்பையா கணக்கில் இரண்டு இடத்தில் பிழைவிட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கினார்.

கடைசியில் அல்பத்தில் ஒரே ஒரு நோட்டு மிஞ்சியது, 1947ஆம் ஆண்டு ஒரு ரூபாய். அந்த ஆண்டு நடந்த தேர்தலில் கண்டி பஜாரில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா மூக்கையா சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய் வோட்டுப் போட்டார். கறுப்பையாவுக்கும் வோட்டு இருந்தது. ஆனால் அவர் கம்பளையில் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அடுத்த தடவை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். சுதந்திரம் வந்தது, வோட்டைப் பறித்த சட்டம் வந்தது, அடுத்த தடவை வரவேயில்லை. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேனே என்று புஷ்பத்திடம் கெஞ்சினார். அவள் காலிச் சாக்கை எடுத்து உதறி வைத்தாள். இராஜேஸ்வரி கமலத்தோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நானா நோட்டைக் கண்ணில் ஒற்றி உள்ளே போட்டார். பெட்டி நிறைந்தது, கொத்தை எடுத்தார். தெருவில் ஒரு வரிசை நின்றது. எல்லாரும் குளித்து, திருநீறு பூசி, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். நடுவில் மூக்கையா நின்றார். மகனைக் கண்டதும், தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கத்தக்க இடம் விட்டுப் பின்னால் நகர்ந்து, வா என்று கையசைத்தார்.

"வோட்டுப் போட்டாச்சா தம்பி?" என்று கேட்டார் நானா. "போய் போட்டுட்டு வாங்க. அரிசி எங்கயும் ஓடப் போறல்ல."

ஓடிவிடும் என்பது கறுப்பையாவுக்குத் தெரியும். படி இறங்கினால் அந்த ஆண்டு முடிந்துவிடும்; சாக்கில் விழுந்ததுதான் மிச்சம், விழாதது போய்விடும். பத்தடி தூரத்தில் அப்பா இடம் பிடித்து நின்றார். கறுப்பையா சாக்கின் வாயை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, "போட்டாச்சு நானா" என்றார்.

கடைசி அரிசிமணி சாக்கில் விழும்வரை அவர் அசையவில்லை. பிறகு படி இறங்கினார். அதே இடத்தில் 1974ஆம் ஆண்டின் பாண் ரொட்டி வரிசை நின்றது, கலைந்த தலையும் வெறும் பையுமாக. ஆனால் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தக்க இடம் மட்டும் அப்படியே விட்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை, விட்டுவிட்டார்கள்.

அந்த அரிசி தீர்வதற்குள் தோட்டத்துக்கு மறுபடியும் மா வரத் தொடங்கியது. கமலம் பிழைத்து, வளர்ந்து, கண்டியிலேயே தையற்கடை வைத்தாள். பிரஜாவுரிமைப் பத்திரம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கறுப்பையா காலமானார். கொழும்பு வீதியில் எதற்கு வரிசை நின்றாலும் அந்த இடம் அதில் இருக்கிறது. முன்னால் நிற்பவர் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. 2022இல் எரிவாயுவுக்கு வெயிலில் நின்ற வரிசையில், வெளியூர் இளைஞன் ஒருவன் கமலத்திடம், முன்னால் இடம் காலியாக இருக்கிறதே, தள்ளிப் போகலாமே என்றான்.

"ஆள் இருக்கு தம்பி" என்றாள் கமலம். சிலிண்டரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.