வட்டம் விழாத தட்டு

சின்னவள் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு மருந்து வில்லைகளில் ஐந்தைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக வட்டம் விழுந்திருந்தது. ஆறாவதைச் சுற்றி ஒன்றையும் காணோம். மருந்தை ஒட்டிக்கொண்டே கொழுகொழுவென்று வளர்ந்து நின்றது, கழுதை!

திட்டினாலும் அது அவள் செல்லம். பதினோரு வருஷத்துக்கு முன் புளித்த பாலிலிருந்து அவளே பிரித்தெடுத்த நல்ல பாக்டீரியா. அதைப் பொடியாக்கி விற்றுத்தான் அக்காவும் அவளும் இந்தத் தொழிற்சாலையை எழுப்பினார்கள். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பொடியைத்தான் ஆஸ்பத்திரிகளில் கொடுத்தார்கள். அரசின் புது விதி வந்திராவிட்டால் இந்தச் சோதனையை இப்போதும் செய்திருக்கமாட்டாள். நம் வீட்டுப் பிள்ளையை யாராவது சந்தேகப்படுவார்களா? அப்படித்தான் இத்தனை வருஷமும் விட்டிருந்தாள். நினைக்க நினைக்கத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அக்காவோ குதித்தாள். "மருந்துக்கே சாகலையா? அடி சக்கை! அப்போ ஆன்டிபயாடிக் சாப்பிடுற பிள்ளைக்கும் சேர்த்தே கொடுக்கலாமே. டப்பா மேலயே அப்படி அச்சடிச்சுடலாம்டி!"

"கொஞ்சம் பொறுக்கா. மருந்தைத் தாங்குறது சில கிருமிக்குப் பிறவிக் குணம், அதோடயே கிடக்கும். நம்மது அதைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கிற ரகமா இருந்தா?"

"ஆரம்பிச்சுட்டா!"

அந்த மருந்துக்குச் சாகும் குடல் கிருமி ஒன்றைச் செல்லத்தோடு ஒரு நாள் கலந்து வைத்தாள். பிறகு, செல்லம் வளரவே முடியாத தட்டில் அந்த மருந்தையும் சேர்த்து, கலவையைப் பூசினாள். தனியாக வைத்த குடல் கிருமி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. செல்லத்தோடு கிடந்ததில் பதினேழு பிழைத்திருந்தன. கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். மூன்றாம் தடவையும் அதே கதைதான்.

அவள் போனை எடுத்ததும் அக்கா கையைப் பிடித்தாள். "நாற்பது பேர் பிழைப்புடி. வேற லேப்ல ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லலாம்."

"பாரு, வேண்டாங்கல. அதுவரைக்கும் பிள்ளைங்க வயித்துக்குள்ள போயிட்டே இருக்குமே! விடுக்கா கையை."

மறுமுனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். சின்னவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "சிஸ்டர், எங்க பொடியை யாருக்கும் கொடுக்காதீங்க. தப்பு எங்களோடது. அதுகிட்ட இருந்து நோய்க் கிருமிக்கும் மருந்தைத் தாங்குற சக்தி போயிடலாம்."

"எந்த மருந்தை?"

சொன்னாள். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மூணாம் கட்டில் பிள்ளைக்கு அந்த மருந்துதான் ரெண்டு நாளா போகுது. உங்க பொடியும் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கவே இல்லைங்க."

அக்காவின் பிடி தளர்ந்தது.

"எங்க பொடியாலதானான்னு அப்புறம் பார்க்கலாம் சிஸ்டர். இப்பவே டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மருந்து யோசிக்கச் சொல்லுங்க. நான் தட்டுகளை எடுத்துக்கிட்டு நேரா வர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அக்கா மேசையில் இருந்த இன்னொரு போனைக் காதில் வைத்திருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். "நீ கிளம்பு. மத்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் சொல்றேன்" என்றாள்.