தின்ன மறுத்த கும்பிடுபூச்சி

இன்பமேரி இடுப்பெலும்பு முறிந்து படுத்து நாலு மாசம் ஆகியிருந்தது. சேலத்தில் ஆபரேசன் செய்து, உள்ளே கம்பி வைத்து அனுப்பிவிட்டார்கள். வயிறாரச் சாப்பிட்டு, தினமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் நடப்பாள், இப்படியே கிடந்தால் கடைசிவரை படுக்கைதான் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் பேச்சில் பாதியைத்தான் நான் நம்புவேன். இதை முழுசாக நம்பினேன். கண் முன்னாலேயே என் பெண்சாதி தேய்ந்துகொண்டிருந்தாள். மூன்று வாய் கஞ்சி குடிப்பாள், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தூக்கி உட்காரவைத்தால் வலி என்று அழுவாள்.

நாகலூரில் எங்கள் வீட்டை ஒட்டிப் பெட்டிக்கடை வைத்திருப்பவள் சலீமா. அவள் மகள் ஷிரின் சேலத்துக் காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறாள். அதைப் படிக்கவும் ஒரு காலேஜ் இருக்கிறதாம். ஒருநாள் காலையில் அந்தப் பெண் ஒரு மிட்டாய் பாட்டிலோடு வந்தாள். உள்ளே ஒரு காப்பிச் செடிக் குச்சி. குச்சியில் சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு கும்பிடுபூச்சி. பாட்டில் வாயைக் கொசுவலையால் கட்டியிருந்தாள்.

"தாத்தா, எனக்குப் பரீட்சைங்க. மூணு வாரம் ஹாஸ்டல்லயே இருக்கோணும். இதை எங்க ஊட்டுல வெச்சா அம்மா தூக்கி வீசிருவாங்க. நீங்க பாத்துக்கோங்க."

"முப்பது வருசம் எஸ்டேட்ல பூச்சிமருந்து அடிச்சுச் சோறு தின்னவன் நானு. எங்கிட்டயா கொண்டாந்து குடுக்கற?"

"அதனாலதானுங்க தாத்தா. எந்தப் பூச்சி எங்க இருக்கும்னு உங்களை விட யாருக்குத் தெரியும்?"

பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. பூச்சிக்கு என்ன போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"உசுரோட அசையறதைத்தான் திங்கும். ரெண்டு நாளைக்கு ஒண்ணு போதும், அதுவும் இதை விடச் சின்னதா இருக்கோணும். தண்ணியைக் கிண்ணத்துல வெக்காதீங்க, வலை மேல தெளிச்சுவிடுங்க, துளியைக் குடிச்சுக்கும். திங்காம விட்டதை உடனே வெளிய எடுத்துப்போடுங்க. நடுவுல சில நாளு எதையுமே தொடாது. தோலுரிக்கப் போகுதுன்னு அர்த்தம். அப்பச் சும்மா விட்டுருங்க."

தலையை ஆட்டினேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் நம்பவில்லை. எஸ்டேட்டில் எங்களை வேலை வாங்கிய பழைய ரைட்டர்கூட இப்படித்தான், வேலை முடியாத நாளில், "உங்களுக்கெல்லாம் அதுக்குள்ள பசிக்காதுடா" என்பார். அடுத்தவன் பசியைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

முதல் நாள் ஒரு பருக்கை சோறும், அவித்த முட்டையின் மஞ்சளில் ஒரு துணுக்கும் போட்டேன். பூச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அதென்ன உங்க அக்கா மாப்பிள்ளையா, முட்டை வெச்சு விருந்து போடறதுக்கு?"

நாலு மாசத்தில் அவள் என்னைக் கேலி செய்தது அன்றுதான்.

உயிருள்ளதைத் தேடிப் புறப்பட்டேன். எஸ்டேட்டுக்குள், இப்போதைய ரைட்டர் மாதேஷ், "மருந்தடிச்சு ரெண்டு மாசம் ஆச்சுங்க, தாராளமா புடிங்க" என்றான். ஒரு இலையைக் கசக்கி மோந்தேன். நாலு நாள்கூட ஆகியிருக்காது. மருந்து பட்ட பூச்சியைத் தின்றால் இதுவும் சாகும். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கே யாரும் மருந்தடிப்பதில்லை. படுத்திருப்பவர்களுக்குப் பூச்சித் தொல்லையும் இல்லை. புல்லில் குட்டி வெட்டுக்கிளிகள் நிறைய இருந்தன.

ஒன்றைப் பாட்டிலுக்குள் விட்டேன். பூச்சி அசையாமல் இருந்தது. பிறகு எப்போது பாய்ந்தது என்று தெரியவில்லை. இரண்டு முன்னங்கால்களிலும் வெட்டுக்கிளியைப் பிடித்துக்கொண்டு, மக்காச்சோளக் கதிரைக் கடிப்பதுபோல் கழுத்திலிருந்து ஆரம்பித்தது. சுவரைப் பார்த்துக் கிடந்தவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

பாட்டிலைக் கட்டிலோரத்து ஜன்னலில் வைத்தேன். தலையணையை உயர்த்தி வைத்தால்தான் அவளுக்குத் தெரியும். உயர்த்தச் சொன்னாள். அது தின்னும்போது கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டே அரைக் கிண்ணம் குடித்துவிட்டாள். பத்து நாளில் ஒரு களி உருண்டையை முழுசாகத் தின்றாள். காலைத் தரையில் வைக்க மட்டும் மாட்டேன் என்றாள்.

அப்புறம் பூச்சி தின்பதை நிறுத்தியது. ஒருநாள், இரண்டு நாள், மூன்று நாள். போட்ட குட்டி வெட்டுக்கிளிகளை அப்படியே வெளியே எடுத்தேன். இன்பமேரியும் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"மொதல்ல அது திங்கட்டும். அப்புறம் எனக்குக் குடுங்க."

"தோலுரிக்கப் போகுதாம். அந்தப் புள்ளதான் சொல்லுச்சே."

"அதை நீங்க நம்புனீங்களாக்கும்?"

ஷிரினுக்குப் போன் போட்டேன். "சும்மா விட்டுருங்க தாத்தா, பரீட்சைக்கு உள்ள போறேன்" என்று வைத்துவிட்டாள். அவசரத்தில் இருக்கிறவள் வேறென்ன சொல்வாள் என்று நினைத்தேன். வாய்க்கு ருசியில்லாதவனுக்குக் கறிக்குழம்பு வைப்பதில்லையா? கல்லறைத் தோட்டத்துக்கு மறுபடியும் போய், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்தேன். உள்ளே விட்டு, வலையைக் கட்டிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் பைப்புக்குப் போனேன்.

குடத்தோடு திரும்பும்போது சத்தம் கேட்டது.

"ஏனுங்க! எங்க போனீங்க? ஓடியாங்க!"

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் தரையில் இருந்தன. கொசுவலை கீழே கிடந்தது. பாட்டிலுக்குள் கையை விட்டு அந்தத் தடியனைப் பிடித்து வைத்திருந்தாள். குச்சியில் கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. ஒரு பின்னங்கால் பாதிதான் இருந்தது.

"அதால நகர முடியலீங்க. தோலுக்குள்ள மாட்டித் தொங்குது. இவன் போய்க் காலைக் கடிக்கறான்! இத்தாப்பெருசு போடச் சொல்லி யாருங்க கேட்டா?"

"உனக்கு வலிக்குதா?"

"நொம்ப வலிக்குது. வாயை மூடிட்டு அதைப் பாருங்க."

தடியனை வாங்கி வெளியே வீசினேன். அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சாய்மானம் கொடுத்தேன். பூச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நனைந்த சட்டையைக் கழற்றுவதுபோல் தோலை விட்டு வந்தது. வெளிறிய பச்சையாக, துவண்டுபோய், முன்னைவிட நீளமாக இருந்தது. பின்னங்கால் ஒன்று குட்டையாகவே நின்றது.

சாயங்காலம் ஷிரின் கூப்பிட்டாள். இன்பமேரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவரு கேக்கமாட்டாரு கண்ணு, எங்கிட்டச் சொல்லு."

கால் அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக முளைக்குமாம். உடம்பு இறுகும்வரை, இரண்டு நாளைக்கு எதுவும் போடக்கூடாதாம். இந்த முறை அதை முழுசாக நம்பினேன்.

"அப்ப ரெண்டு நாளைக்கு அது திங்காது," என்றேன். "நீயி?"

"எனக்கென்னங்க, நான் என்ன தோலா உரிக்கறேன்? கஞ்சியைக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். படுத்துக்கொள் என்று சொன்னேன். காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு குடித்தாள்.